சாப்பாடு ஆறிவிடும் என்றேன்

வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லேத் மெஷினில் ஆரம்பித்தவன் நான். இன்று ஒரு பம்ப் செட் கம்பெனி இருக்கிறது. இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரி இருக்கிறது. ஊருக்கு வெளியே, "இந்தப் பாறையில தண்ணியே வராதுங்க" என்று எல்லோரும் சொன்ன இடத்தில், போர் போட்டுத் தண்ணீர் பார்த்து, ஏ.சி. கல்யாண மண்டபமும் கட்டியிருக்கிறேன்.

படிப்பா? ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என்னை விட்டாரா, நான் வாத்தியாரை விட்டேனா என்பது இன்றுவரை முடியாத வழக்கு.

மின்வெட்டைப் பார்த்தாயிற்று. ஜி.எஸ்.டி.யைப் பார்த்தாயிற்று. பங்காளிகளின் பொறாமையைப் பார்த்தாயிற்று. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. எல்லாம் நானே செய்தது.

'இந்தப் பத்தியில் இதைத்தான் வாராவாரம் சொல்கிறீரே' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆனால், இந்த வாரம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்கப் போய்த்தான் தலைகுனிந்து நிற்கிறேன்.

கொரோனா இரண்டாவது அலையில் என் மண்டபத்தைக் கேட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டேன். மணமேடையில் கட்டில், டைனிங் ஹாலில் கட்டில், மணமகள் அறையில் நர்ஸுகள். ஒரு பைசா வாடகை வாங்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நன்றி, ஒரு பொன்னாடை... ஊகூம். அந்தக் குறை எனக்குள் புகைந்துகொண்டேதான் இருந்தது.

போன மாதம் ஒரு போன் வந்தது. நாடாளுமன்ற எம்.பி.க்கள் குழு ஒன்று கோவைக்கு வருகிறதாம். பெருந்தொற்றை அரசாங்கம் எப்படிச் சமாளித்தது, எங்கே சறுக்கியது, இன்னொரு முறை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு, நாடாளுமன்றத்தில் அறிக்கை வைப்பார்களாம். எங்கள் தொழில் அமைப்பின் சார்பில் நான் வந்து பேச வேண்டுமாம்.

அவ்வளவு நீளமாகச் சொன்னதில் என் காதில் நின்றது ஒரே வார்த்தை... அறிக்கை! என் மண்டபத்தின் பெயர் டெல்லியில் அச்சில் வரப்போகிறது!

"தீ அணைஞ்சு, சாம்பலும் ஆறி, அதுல செடி மொளைச்சப்பறம் வாராங்களாக்கும்?" என்றாள் என் மனைவி.

"அடுத்த தீக்கு முன்னால வாராங்கன்னு வெச்சுக்க" என்றேன். நல்ல பதில்தான். சொன்ன நானே அதை நம்பியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சேதி எப்படியோ கோபிசெட்டிபாளையத்துக்கும் போய்விட்டது. என் தங்கை தெய்வானை அங்கேதான் இருக்கிறாள். மறுநாளே கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, டெல்லியில இருந்து வந்து கொரோனாவைப் பத்திக் கேக்கறாங்களாமா? நானும் வரட்டுங்களா?"

"நீ வந்து என்ன கண்ணு பண்ணப்போற?"

"ஒண்ணு கேக்கோணுமுங்ணா. ஒண்ணே ஒண்ணு."

எதைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, நெல்லும் வாழையுமாக நல்ல விவசாயி. அந்தக் கோடையில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்களின் வரிசை. இறங்கிப் போய் கேட்டில் இருந்தவரிடம் கேட்டாள்: "பெட்டு இருக்குதுங்களா?"

"பாக்கலாமுங்க அம்மணி. கொஞ்சம் பொறுங்க."

காலையில் சொன்னதும் அதேதான். உச்சிவெயிலில் சொன்னதும் அதேதான். வெயில் சாயும்போது சொன்னதும் அதேதான். யாரும் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. ஒரு மரியாதைக் குறைவான வார்த்தை கிடையாது. நம் ஊர் அல்லவா?

என் மண்டபத்தில் கட்டில் இருந்ததே தவிர, மூச்சு முட்டுகிறவருக்குக் கொடுக்க ஆக்ஸிஜன் இல்லை. நானும் எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களை எல்லாம் போனில் பிடித்தேன். "பாக்கறேனுங்க", "சொல்றேனுங்க" என்றார்கள். மாப்பிள்ளை அந்த வண்டியிலேயே போய்விட்டார்.

இத்தனை வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான். 'பெட் ஏன் இல்லை?' என்றுகூட அவள் கேட்கவில்லை. "இல்லைன்னு ஏனுங்ணா ஒருத்தரும் சொல்லல? சொல்லியிருந்தா வேற பக்கம் ஓடியிருப்பேன். இல்லாட்டி ஊட்டுக்காவது கூட்டிட்டுப் போயிருப்பேன். இருக்குது, இல்லைன்னு சொல்றதுக்கு கேட்டுல ஒரு ஆளு போடறது அத்தனை செரமமுங்களா?"

பேசுபவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். என் பெயருக்கு அடுத்து அவள் பெயர்.

அந்த நாளும் வந்தது. அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டல். ஏற்பாடு எல்லாம் நான்தான். விடுவேனா? நம் பக்கத்தில் விருந்தாளி வாசப்படி மிதித்தால் முதலில் தண்ணீர், அப்புறம் சாப்பாடு, அதற்கப்புறம்தான் விஷயம். ஒவ்வொரு எம்.பி.க்கும் ஒரு பொன்னாடை, ஒரு பவானி ஜமக்காளம். பம்ப் செட் மாதிரியே பித்தளையில் செய்த நினைவுப் பரிசு. ஆளுக்கொரு போட்டோ. இதிலேயே பாதி நேரம் போய்விட்டது.

குழுத் தலைவர் வடக்கத்திக்காரர். ஆங்கிலத்தில் பேசினார். தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி மொழிபெயர்த்தார்: "பாராட்டை வாங்கிக்கொள்ள நாங்கள் வரவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம்."

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஆஹா, என்ன பெருந்தன்மை என்று கைதட்டினோம்!

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மில் அதிபர் ஒருவர், "எல்லாரும் ராப்பகலா ஒழைச்சாங்கங்க" என்றார். டாக்டர் ஒருவர், "இருந்ததை வெச்சு நல்லாவே பண்ணுனோமுங்க" என்றார். வியாபாரிகள் தரப்பில் ஒருவர், "குறைன்னு சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று உட்கார்ந்தார். முன்வரிசையில் அன்றைக்கு வேலை பார்த்த அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கும் அவர்கள் முகத்தில்தானே விழிக்கவேண்டும்? விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் வீட்டுக்காரர்களைக் குற்றம் சொல்வதா?

என் முறை வந்தது. லேத் மெஷினில் ஆரம்பித்தேன். ஆமாம், கொரோனாவைப் பற்றிக் கேட்டவர்களிடம் லேத் மெஷினில்தான் ஆரம்பித்தேன். பாறையில் தண்ணீர் வந்ததைச் சொன்னேன். மொழிபெயர்த்த அதிகாரி இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். மண்டபத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

அந்தக் குழுவில் ஒரு பெண் எம்.பி. இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், சின்ன வயது. அவர்தான் குறுக்கே கேட்டார்: "ஐயா, நீங்க செஞ்சது பெரிய விஷயம். ஆனா, குறை ஒண்ணுகூடவா இல்ல? பெட் கிடைக்காம யாருமே கஷ்டப்படலையா?"

நேரான கேள்வி. வாசற்படி வரைக்கும் வந்து நின்ற கேள்வி.

நான் சிரித்தேன். "கொறை சொல்றதுக்காங்க அம்மணி உங்களக் கூப்புட்டிருக்கறோம்? மொதல்ல வயிறாரச் சாப்புடுங்க!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பட்டியல்ல அடுத்து யாரு?" என்று கேட்டார்.

பின்வரிசையில் தெய்வானை எழுந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அம்மா... எனக்கு ஒண்ணு..." என்று தொடங்கினாள்.

அப்போது நான் செய்ததைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

மைக் என் கையில்தான் இருந்தது. "என்ற தங்கச்சிங்க. கூட்டத்துல பேசிப் பழக்கமில்லீங்க. அவ சொல்ல வந்ததும் இதேதானுங்க, எல்லாரும் நல்லா ஒத்தாசை பண்ணுனாங்கன்னு. உக்காரு கண்ணு... சாப்பாடு ஆறிருமுங்க, எந்திரிங்க எல்லாரும்!"

ஏன் சொன்னேன்? யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதிகாரிகள் முகம் மாறுமே என்று தோன்றியது. இவ்வளவு நன்றாக நடந்த விசேஷம் கடைசியில் எழவு வீடாகிவிடக்கூடாது என்று தோன்றியது. மண்டபம் கொடுத்தவனின் சொந்த மாப்பிள்ளையே கட்டில் கிடைக்காமல் செத்தார் என்று டெல்லிக்காரர்களுக்குத் தெரிந்தால் என் பேச்சு என்ன ஆவது என்றும்... ஆமாம், அதுவும் தோன்றியது.

பெண் எம்.பி. அவளையே பார்த்துக் கேட்டார்: "அப்படித்தானாம்மா?"

தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் மைக்கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனைச் சபையில் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அரிசிம்பருப்பு சாதத்தை வடக்கத்திக்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். தெய்வானை இலையில் கை வைக்கவில்லை.

காரில் கோபி வரைக்கும் விட்டுவிட்டு வரச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாமுங்ணா, காந்திபுரத்துல எறக்கிவுடுங்க. பஸ்ஸுல போய்க்கறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் சொன்னாள்:

"அன்னைக்கு அந்த வாசல்ல பகலெல்லாம் நின்னேன். உக்காருன்னு ஒரு ஆளு சொல்லலீங்ணா. இன்னைக்குத்தான் சொன்னாங்க. அதுவும் நீங்க." பையை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்ணா" என்றாள்.

கோபத்திலும் 'போகிறேன்' என்று சொல்லவில்லை, 'வாரேன்' என்றுதான் சொன்னாள். அந்த மரியாதைக்குப் பதிலாக நாலு அறை விட்டிருக்கலாம்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. கோவையில் கொரோனா சிகிச்சை குறித்து எம்.பி.க்கள் குழுவிடம் யாரும் குறை சொல்லவில்லை என்று. பக்கத்தில் போட்டோ... தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவது நான். காலையிலிருந்து வாழ்த்துப் போன்கள். நான் ஆசைப்பட்டது இதுதானே? அந்தப் பேப்பர் கோபிக்கும் போகும் என்று நினைத்தபோது, அதை மடித்து டிராயரில் போட்டேன்.

விஷயம் என் மனைவிக்கும் தெரிந்துவிட்டது. "நீங்க மாஸ்க் போட்டிருந்த காலமே தேவலைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குழுவின் வருகையை ஏற்பாடு செய்த அதிகாரிக்குப் போன் போட்டேன். என் தங்கையை அந்த எம்.பி.க்கள் இன்னொரு தடவை நேரில் கேட்க வழியிருக்கிறதா என்று கேட்டேன்.

"பாக்கலாமுங்க சார்" என்றார்.

"தம்பி, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். முடியுமா, முடியாதா? ஒண்ணைச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் திகைத்தார். அப்புறம் சொன்னார்: "முடியாதுங்க சார். அவங்க அடுத்த ஊருக்குப் போயாச்சு. எழுதி வேணா அனுப்பலாமுங்க."

வலித்தது. ஆனாலும், அந்த 'முடியாது' எனக்குத் தேவைப்பட்டது. அடுத்து என்ன என்று யோசிக்கவாவது முடிந்தது. மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்கத்தான் ஊரில் ஆளில்லாமல் போயிற்று. நம் மரியாதை நல்ல மரியாதைதான்... அதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது, 'தப்பு' என்று சொல்லவும் தெரியாது. முதலாவது தெரியாததால் ஒருவர் வண்டியில் கிடந்து செத்தார். இரண்டாவது தெரியாததால், ஏன் செத்தார் என்று கேட்க வந்தவர்கள் ஜமக்காளத்தோடு திரும்பிப் போனார்கள்.

இதில் அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கேட்கத்தானே வந்தார்கள்? கேட்கவும் செய்தார்களே!

தெய்வானையிடம் சொன்னேன்: "எழுதி அனுப்பலாமாம் கண்ணு. நீ சொல்லு, நான் எழுதறேன்."

"நீங்க எழுதி நான் கையெழுத்துப் போடறதுக்குங்களா?" என்றாள். "வேண்டாமுங்ணா. அவங்க மொகத்தப் பாத்துக் கேக்கோணும்னுதான் வந்தேன். கேட்டா, அவங்களும் என்ற மொகத்தப் பாத்து ஒரு பதில் சொல்லோணுமில்லீங்களா? அதுக்குத்தான் வந்தேன்."

அந்தப் பதிலை இனி நான் எங்கே போய் வாங்கித் தருவேன்? சீர் செய்திருக்கிறேன், தோட்டத்துக்கு மோட்டார் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அவள் பெண் கல்யாணத்தை என் மண்டபத்தில் நடத்தியிருக்கிறேன். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் பறித்தேன்.

அதனால் அவள் சார்பில் எதையும் எழுதி அனுப்பவில்லை. என் சார்பில் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை என்கிறார்கள். மதிப்புக்குரிய எம்.பி.க்களே, என் மண்டபத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். ஆனால், 'கோவையில் யாரும் குறை சொல்லவில்லை' என்று எழுதுவீர்கள் அல்லவா? அதற்கு அடியிலேயே என் பெயரைப் போடுங்கள். சொல்ல எழுந்தவளை உட்கார வைத்தவன் இவன்தான் என்று, ஊர் பேரோடு, விடாமல் போடுங்கள். அதிகாரிகளுக்கும் கட்சிக்காரர்களுக்கும் அதில் பங்கு கொடுத்துவிடாதீர்கள்.

அதையும் நான் ஒற்றை ஆளாகத்தான் செய்தேன்.