அண்ணாச்சி கையைத் தூக்கிய சாயங்காலம்

ஃபிளாஸ்க் மூடியைத் திருகும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம்... பின்னாலேயே காபி வாசனை.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் எந்நேரமும் வெடிமருந்து வாசனைதான். உடுப்பில், சோற்று டப்பாவில், பஸ்ஸில் திரும்பும்போது தலைமுடியில்கூட. அதையும் தாண்டி மூக்குக்கு வந்து சேர்வது அந்த ஒரு காபிதான்.

வருஷம் இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ... எனக்கு அதில் எப்போதும் குழப்பம். பி.காம் முடித்த கையோடு விருதுநகரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், கம்பெனி ஆபீஸில் ஆர்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் செல்வராஜ் அண்ணாச்சிக்கு நாற்பது தாண்டியிருக்கும். காபி விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். கம்பெனிக்குள் அடுப்பு பற்றவைக்க முடியாது. வாசல் கடை டீயைக் கழனித்தண்ணி என்பார். அதனால் வீட்டம்மா போட்டுக் கொடுத்த பில்டர் காபி ஃபிளாஸ்கில் வரும். நாலு மணி வாக்கில் ஆபீஸ் படியில் உட்கார்ந்து திறப்பார். எனக்கும் அரை மூடி உண்டு.

எங்கள் வீடு டீக்கார வீடு. அத்தா மிளகாய் மண்டியிலிருந்து வந்தால் இஞ்சி டீதான். முதல் நாள் இந்தக் கசப்பை எப்படி ரசிக்கிறார்கள் என்றே புரியவில்லை.

"குடிச்சதும் நாக்கச் சும்மா வையி, நூரு புள்ள. பொறவு தெரியும்" என்பார்.

காபி முடிந்ததும் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. முதுகு வலிக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சி. ஆபீஸின் பின்சுவர் ஓரமாகப் போய், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களைக் கோத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்வார். சோளம் பொரிவது மாதிரி முதுகு படபடவென்று சொடுக்கும். எனக்குச் சிரிப்பு தாங்காது. வெட்கப்பட்டுத்தான் மறைவாகப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

வெட்கமெல்லாம் இல்லை. சுற்றியுள்ள கம்பெனிகளில் சாம்பிள் வெடி போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தில் விசிலோ கூச்சலோ எடுபடாது. அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம்... ஃபோர்மேன் வெட்டவெளியில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது.

தீபாவளி சீசனில் ஒரு நாள். லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரி பக்கத்திலேயே நின்று அன்றைக்குக் காபி குடித்தார். காலையிலிருந்து நின்றபடியே இருந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது போல. தன்னை மறந்து அங்கேயே, அந்த வெட்டவெளியிலேயே, இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

அவ்வளவுதான். வரிசையாக இருந்த அறைகளிலிருந்து ஆட்கள் தலைதெறிக்க ஓடி வந்தார்கள். நானும் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். லாரி டிரைவர் எனக்கு முன்னால் ஓடினார். எல்லோரும் ஓடுவதைப் பார்த்து அண்ணாச்சியும் ஓடி வந்தார்! கரிசல் காட்டில் போய் நின்றுதான் மூச்சு வாங்கினோம்.

"ஏலே, எங்கனலே வெடிச்சது?" என்று டிரைவரைக் கேட்டார்.

"நீங்கதான அண்ணாச்சி கையத் தூக்குனீக!"

அவர் விழித்த விழியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"மாரியம்மா எங்க?"

ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனார். நானும் பின்னால் போனேன். மாரியம்மா தன் அறையில் உட்கார்ந்து நிதானமாகத் திரி செருகிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏந்தாயி ஓடல?"

"எதுக்கு ஓடணும்? முதுகு நோவுக்குத்தான கையத் தூக்குனீக. ஆபீசுக்குப் பின்னால தண்ணி எடுக்க வாரப்ப தெனமும் பாக்கேன்ல?"

அண்ணாச்சி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. அத்தனை பேரும் தப்பாக ஓடினோம், இவள் ஒருத்திதான் சரியாகக் கணித்திருக்கிறாள். அவளைப் பார்த்து ஏன் இவருக்கு முகம் வெளுக்கிறது?

மறுநாள் காபி வந்தது. பயிற்சி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சில நாள் கழித்து மாரியம்மாவே தண்ணீர் எடுக்க வந்தவள் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, இப்பல்லாம் கையத் தூக்கக் காணோம்?"

"நோவு அம்புட்டும் போயிருச்சு தாயி. இனிமே என் கை மேல போச்சுன்னா அது ஓடுறதுக்குத்தான். மனசுல வச்சுக்க."

"அப்படின்னா ஓடிருவேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் படியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"மெதுவா இழு, நூரு."

"நோவு போயிருச்சுன்னீக?"

"அது அவளுக்குச் சொன்னது."

அப்போதும் எனக்குக் குழப்பம்தான். வீட்டில் செய்யலாமே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது செய்யலாமே, இதற்கு எதற்குப் பொய் என்று மனசுக்குள் திட்டினேன். வீட்டில் செய்தாரோ என்னவோ. சீசனில் விடியுமுன் வந்து இருட்டியபின் போகிற மனிதர்.

இப்போது எனக்கு அந்த வயது. மதுரையில் மூன்றாவது மாடி. தோள்பட்டை இறுகிக்கொண்டு தலை பின்ன முடியவில்லை. தினமும் நீட்டி மடக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் இன்னும் டீதான், எனக்கு மட்டும் பில்டர் காபி. குடித்துவிட்டு பால்கனியில் நின்று இரண்டு கையையும் தூக்குகிறேன். கீழே வாட்ச்மேன் பேப்பர் படிக்கிறார். அயர்ன் வண்டிக்காரர் சட்டை மடிக்கிறார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. முதல் நாள் அது நிம்மதியாக இருந்ததா, என்னவோ போல் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் கையைத் தூக்கி இறக்கினால் உடம்பு என்ன சுகப்படுகிறது! அந்தச் சுகம் அண்ணாச்சிக்குத் தெரியும். வலியும் தெரியும். நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்த நாள் வரைக்கும், அவர் கை தோளுக்கு மேலே போகவேயில்லை.