நெஞ்சு வருத்தத்தோடு கொழும்பு பஸ்ஸில்

போன மாதம் மகள் றிஸ்மியாவும் நானும் கல்முனைக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய் வந்தோம். படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும், கண் இருட்டும். இதயத்தசை தடித்து இரத்தம் வெளியே போகிற வழியை நெருக்குகிறது என்று ஊர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துச் சொன்னார்கள். ஒப்பரேஷன் தேவையா என்று கேட்கத்தான் இந்தப் பயணம். நெஞ்சைப் பிளப்பார்களோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். விளங்கியதை எழுதுகிறேன், இதே வருத்தத்தோடு போகிறவர்களுக்கு உதவும்.

காலை ஆறு மணி பஸ். அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாக ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீற்றர். இறங்க மாலை நான்காகிவிட்டது. பஸ் பயணம் என்றால் நம் பெண்கள் செய்வதையே நானும் செய்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கண்டி தாண்டியதும் தலை சுற்றி மகளின் மடியில் சாய்ந்துவிட்டேன்.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் தமிழ் கதைக்கிற பெண் டொக்டர்.

“உம்மா, வழியில தண்ணி குடிச்சீங்களா?”

“பஸ்ஸில போற பொம்புள தண்ணி குடிப்பாளா டொக்டர் மகள்? குடிச்சா எங்க இறங்குற?”

உடம்பில் தண்ணீர் குறைந்தால் அந்த நெருங்கிய வழி இன்னும் நெருங்குமாம். முதலில் குளிசை, அதாவது மாத்திரை. அது போதாவிட்டால் தடித்த தசையை வெட்டிக் குறைக்கலாம், அல்லது தொடையால் குழாய் விட்டு மதுசாரம் ஏற்றி அந்த இடத்தைச் சுருங்க வைக்கலாம்.

“மதுசாரமா? என்ட நெஞ்சுக்குள்ளயா?”

“மருந்துதான் உம்மா, வெறிக்காது.”

மகள் சிரிப்பை மறைக்க முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு இப்போதைக்குக் குளிசையே போதும் என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ்! அவருக்காக இறைவனிடம் நான் கேட்காத துஆ இல்லை.

திரும்பும்போது தண்ணீர்ப் போத்தலும் கையுமாக ஏறினேன். மகியங்கனைக்கு முன்னமே சாரதியைக் கூப்பிட்டேன்.

“மகன், கொஞ்சம் நிப்பாட்டுங்க.”

“இப்பதானே உம்மா கண்டியில நிப்பாட்டின?”

“டொக்டர் தண்ணி குடிக்கச் சொல்லியிரிக்கா. மயங்கி விழுந்தா நீங்கதான் தூக்கணும்.”

கழிப்பறை உள்ள பெற்றோல் செட்டில் நிறுத்தினார். இறங்கித் திரும்பிப் பார்த்தால், பஸ்ஸிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எனக்குப் பின்னால் வரிசையாக இறங்குகிறார்கள்!

போகிறவர்கள் பழைய எக்கோவையும் குடிக்கிற குளிசைகளையும் கொண்டுபோங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவில்லை. இது பரம்பரையில் வருமாம், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், நோன்பு பிடிக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பஸ்ஸில் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒருத்தி வாய் திறந்தால் போதும், மற்றவர்கள் தாங்களாகவே இறங்குவார்கள்.