விதைக்காய் பழுக்கும் வரை

மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வீதி அழகு பெறத் தொடங்கினால் அங்கே இருப்பவர்கள் வாடகையை எண்ணிப் பயப்படுவார்கள். உடுப்புத் தோய்க்கும் கடை இருந்த இடத்தில் காப்பிக்கடை வந்தது. வாடகை விறுவிறுவென்று ஏறியது. மாடி வீட்டுச் சிவமலர் தாக்குப்பிடிக்க முடியாமல் வாடகை குறைந்த மொன்ட்ரியால்-நோர் பக்கம் போனாள். போகும்போது கீழ்வீட்டு இந்திராதேவியின் கையில் கொஞ்சம் புடலம் விதையை வைத்து, "அக்கா, இதை விட்டுடாதேங்கோ" என்று அழுதாள்.

தையல் தொழிற்சாலையில் அரைவாசி ஆயுளைக் கழித்த இந்திராதேவி, ஓய்வுக்குப் பிறகு அந்தக் கொடியே கதி என்று கிடந்தாள். வீட்டுக்குப் பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையின் வேலியில் அதைப் படரவிட்டாள். காய்கள் வளையாமல் நீள, நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டாள். புதுச் சனங்கள் நின்று படம் எடுத்தார்கள். அவளுக்கு வெட்கமும் சந்தோசமும்.

பிறகு அந்தப் புதுச் சனங்களே ஒழுங்கையைப் பசுமையாக்கப் புறப்பட்டார்கள். உட்கார வாங்குகள், பூச்சாடிகள் எல்லாம் வருமாம். வேலிகள் போக வேண்டுமாம். பசுமைக்காகப் புடலையை வெட்டும் இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது! செய்தி கொண்டுவந்தவன் மத்தியூ. சிவமலர் இருந்த வீட்டை வாங்கியவன், நல்ல பிள்ளை. இந்திராதேவி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மன்றாடினாள்: விதைக்கு ஒரு காய் விட்டிருக்கிறேன், அது பழுக்கும்வரை பொறுங்கள்.

அதுவரைக்கும் அவள் வேலித்துண்டு மட்டும் தப்பியது.

"பழுத்துவிட்டதா?" என்று மத்தியூ காலையில் கேட்பான். "இன்னும் இல்லை" என்பாள். செப்டெம்பர் முடியும்போது காய் செம்மஞ்சளாகிவிட்டது. அப்போதும் அதே பதில்தான்.

"இஞ்சேர், ஏன் அந்தப் பெடியனுக்குப் பொய் சொல்லுறாய்?" என்றார் கணவர் உருத்திரமூர்த்தி.

"பழுத்திட்டுதெண்டால் வேலியைப் பிடுங்கிப்போடுவினம். பேந்து வாற வருசம் விதையை எங்கையப்பா போடுறது? சிவமலருக்கு நான் என்ன சொல்லுறது?"

ஒருநாள் காலை கதவைத் திறந்தபோது மத்தியூ வேலியடியில் நின்றான். காய் வெடித்திருந்தது. சிவந்த சதைக்குள் விதைகள் தெரிந்தன. கல் கீழே விழுந்து கிடந்தது. களவு பிடிபட்டவள்போல இந்திராதேவி வாசற்படியிலேயே நின்றாள்.

அவன் காயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். குனிந்து கல்லை எடுத்து, பொறுமையாகக் கொடியிலேயே திரும்பவும் கட்டினான்.

"இன்னும் பழுக்கவில்லை" என்றான்.