என் புல் பிடித்து நிறுத்திய சிகாமட் மேடு

காலை 6.10. செடெனாக் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தேன். மூன்று நாளாக விடாத மழை. சிகாமட்டிலிருந்து தங்கை பாக்கியம் போனில் அழுதாள்.

"அண்ணே, மேட்டுல மண்ணு சரியிற சத்தம் கேக்குது!"

"வீட்டப் பூட்டிட்டு சர்ச்சுக்குப் போயிரும்மா. நான் வந்துட்டே இருக்கேன்."

அவள் வீடு மேட்டின் அடியில் இருக்கிறது. நேர் மேலே எண்ணெய்க்கு வளர்க்கும் என் ஐந்து ஏக்கர் செம்பனை. பக்கத்துச் சரிவு அவள் கணவர் சூசையுடையது. மூன்றாம் வகுப்போடு தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிக்கப் போனவன் நான். அந்த ஐந்து ஏக்கரை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. மரத்தடியில் ஒரு புல் தெரிந்தாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்துவார். பெருக்கிய வாசல் மாதிரி மண் தெரிந்தால்தான் எங்களுக்குப் பெருமை. இருபது வருஷம் புல்லை அப்படித்தான் கருக்கினேன். சூசைக்கு அதைப் பழக்கியதும் நான்தான்.

ஆனால் எனக்குக் கண் இருக்கிறது. முன்பெல்லாம் மழை வருஷம் முழுக்கப் பிரிந்து பெய்யும். இப்போது மாதக்கணக்கில் காய்ந்து, புல்லைக் கொன்றுவிட்டு, பிறகு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறது. வெறும் மண் அந்த அடியைத் தாங்குமா? ஆறு வருஷத்துக்கு முன் மருந்துப் பம்பைத் தூக்கி எறிந்தேன். சரிவின் குறுக்கே வரிசையாக வெட்டிவேர்ப் புல் நட்டேன். இடையில் மண்ணை மூடும் கொடியைப் படரவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை.

8.00. யோங் பெங். வந்தது சுமார் அறுபது கிலோமீட்டர், இன்னும் எழுபது. தே தாரேக் 2 வெள்ளி 20 காசு. "லாபிஸ் பக்கம் ரோட்டுல தண்ணி லா, பாத்துப் போங்க," என்றார் கடைக்கார பாய்.

"நம்ம வண்டி உசரம் பாய்," என்றேன். ஆனால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் புல் தோற்றால் தங்கை வீடு மண்ணுக்குள்.

10.05. சிகாமட்டில் தங்கை வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புச் சேறு. சேற்றிலேயே வண்டியை ஓட்டி மேலே பார்த்தேன். சூசையின் சரிவு பாதி கீழே கிடந்தது, செம்பனைகள் வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு. என் சரிவு பச்சையாக நின்றது. அதிலிருந்து இறங்கிய தண்ணீர் வடிகட்டியது மாதிரி இருந்தது. தங்கை வீட்டில் ஓர் ஓடுகூட நகரவில்லை.

சூசை மழைக்கோட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள, பெருக்கின வாசல எங்க காணோம்?"

"ஆத்துக்குப் போயிருச்சு மச்சான். நல்லா ஏசுங்க. காடு வளக்குற சோம்பேறின்னு ஒங்கள ஊரு பூராச் சொன்னேன்."

"தெரியும். கேட்டவங்கல்லாம் எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்க."

சர்ச்சிலிருந்து திரும்பிய பாக்கியம் மண்வெட்டியை எங்கள் முன் போட்டாள். "வாய் போதும். வெட்டிவேரத் தோண்டுங்க ரெண்டு பேரும்."

என் சரிவிலிருந்து நாற்பது தூறு பிரித்துக் கொடுத்தேன். சூசை தன் சரிவில் மிஞ்சிய பாதியில் முதல் வரிசையைக் கோணலாக நட்டார். பிடுங்கி நேராக நடவைத்தேன்.

மாலை 6.30. செடெனாக். வீட்டு வாசலில் சக்கரங்களைக் கழுவினேன். சிவப்பாக ஓடியது. அத்தனையும் மாப்பிள்ளை மண். என் மண் ஒரு பிடிகூட அதில் இல்லை.