ஆளுக்கொரு பெட்டி

எங்கள் வளாகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. சிக்னல் என்றால்தான் தெரியும். வைஃபை அவர் பொறுப்பு. அதாவது, வேலை செய்யாதபோது அவர் பொறுப்பு. வேலை செய்யும்போது அது தானாகவே வேலை செய்கிறது. தேர்வுப் பிரிவில் என் மேசைக்கு எதிரே அவர் மேசை. மனிதர் வாங்கும் ஏச்சைப் பக்கத்திலிருந்து கேட்டே எனக்கு அலுத்துவிட்டது.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. மூன்றாம் மாடியில் நெட் வரவில்லை என்று யாராவது குதித்தால், போய் ஒரு வைஃபை பெட்டியை மாட்டிவிட்டு வருவார். பக்கத்து அறைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அங்கும் ஒன்று. அது போதாதென்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு பெட்டி வாங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். நகரத்தின் நடுவில் கட்டடத்தோடு கட்டடம் ஒட்டி நிற்கும் இடம். சுற்றியிருக்கும் கடைகளின் பெட்டிகள் வேறு. பெட்டி பெருகப் பெருக நெட் படுத்துக்கொண்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு யார் காதில் விழும் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். பாதிப் பெட்டியை மாட்டியது நீங்கள்தானே என்றேன். ஆமாம் சார் என்று சிரித்தார். கோபம்கூட வராத மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

போன முறை நுழைவுத் தேர்வில் வினை முற்றியது. தேர்வுக் கூடத்தில் பிள்ளைகள் கணினியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெட் அறுந்து, பாதிப் பேர் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். மறுதேர்விலும் இப்படி ஆனால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும், சிக்னல் வீட்டுக்குப் போவார் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கூடத்துக்கு வயர் இழுத்துத் தாருங்கள் என்று கெஞ்சினார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஐம்பதை நெருங்கிய ஆள். வேறு எங்கே போய் நிற்பார்?

அப்புறம் மனிதர் மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அறை அறையாக அலைந்தார். தான் மாட்டியதில் பாதியைக் கழற்றினார், மீதியின் சத்தத்தை, அதாவது அலை வீச்சை, குறைத்தார். கைப்பேசியில் நாலு கோடு காட்டியது இப்போது இரண்டுதான் காட்டுகிறது என்று அதற்கும் திட்டு விழுந்தது. இரண்டு கோட்டில் நெட் முன்னைவிட வேகமாக வந்ததை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வேதியியல் பேராசிரியர் ஒருவர் தன்னிடம் பெட்டியே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் முதுகுக்குப் பின்னால் திரைக்குள் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சிக்னல் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். சாயங்காலம் மறுபடி போய்க் கெஞ்சி வாங்கி வந்தார்.

மறுதேர்வு நாள் காலையில், கடைகளின் அலை எட்டாத அந்தக் கூடத்தைச் சுற்றி இரண்டே இரண்டு பெட்டிகள்தான் மிச்சம். ஒன்று, நேர் மேலே இயக்குநர் அறையில். இன்னொன்று, சுவருக்கு அந்தப் பக்கம் விடுதிக் காப்பாளர் அறையில். காப்பாளர் வேறு யாருமில்லை, சிக்னலின் அக்கா. புருஷன் போனபின் அவளுக்கு இருப்பது ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் கரை தொட்டால்தான் அவன் முகத்தைப் போனில் பார்க்கலாம். அந்தத் தரைத்தள அறையில் டவர் கிடைக்காது என்பதால் தம்பியே மாட்டிக் கொடுத்த பெட்டி அது.

இந்தப் பெட்டிகளுக்கு ஒன்றோடொன்று மோதாத சேனல், அதாவது அலைவரிசை, மூன்றுதான் உண்டு. ஒன்றை இயக்குநர் பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் கூடத்துக்கு வேண்டும். அதில் ஒன்றில் அக்கா இருந்தாள். இயக்குநரிடம் கேளுங்கள் என்று நான் பிடித்துத் தள்ளாத குறை. சிக்னல் மாடிப்படி பாதி ஏறி இறங்கிவிட்டார். பிறகு நேராக அக்கா அறைக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பின்னாலேயே போனேன்.

அறை முழுக்கத் தேர்வு எழுத வந்தவர்களின் பைகளும் அணைத்து வைத்த போன்களும். எல்லாம் அன்று அவள் காவலில்.

"அக்கா, பரீட்ச முடியற வரைக்கும் பெட்டிய அணைச்சு வைக்கா."

"இன்னைக்குக் கப்பல் கரைக்கு வருதுன்னு சொன்னானேடா." தம்பி முகத்தைப் பார்த்தாள். "சரி, நீ போ. இத்தன பையப் போட்டுட்டு நான் வெளிய போய் நிக்கவும் முடியாது. சாயங்காலம் கூப்பிடாமலா போயிடுவான்." அவளே குனிந்து வயரைப் பிடுங்கினாள்.

தேர்வு ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. இயக்குநர் இறங்கி வந்து, பார்த்தீர்களா, இன்று தானாகவே நன்றாக வேலை செய்தது என்றார். வேலை தப்பியது.  சிக்னல் உடனே என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா அறைக்கு ஓடி, தன் கையாலேயே பெட்டியின் வயரை மாட்டினார்.

அவள் போனில் வரிசையாகத் தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. எல்லாம் காலையில் வந்தவை. கடைசியில் மகன் பேசி அனுப்பிய குரல். அவள் அதை அமுக்கினாள்.

"அம்மா, எத்தன தடவ கூப்பிடறேன், கிடைக்கவே மாட்டேங்குது. கப்பல் கிளம்புதும்மா. அடுத்த கரைக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும். உன் நெட்டுதான் ஏதோ கோளாறு. மாமாகிட்ட சொல்லு, அவரு பாத்துக்குவாரு."

சிக்னல் தலை குனிந்து பெட்டியின் வயரைத் தடவிக்கொண்டே நின்றார். தம்பி இருக்கும்போது அந்தக் குரலை அமுக்கியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. அவசரமாகப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பரீட்ச நல்லா நடந்துச்சாடா?" என்றாள்.