விழாத கல்

வத்தல்மலை மல்லையன் கவண்கல் எறிந்து சாமைக் கொல்லையில் குருவி விரட்டுவார். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மலையிறங்கிப் போனால் பின்னாலேயே ஒரு கல்லை வானத்தில் எறிவார்கள். அது விழும் சத்தம் கேட்டால் போனவர் திரும்புவார். 1941இல் மகன் கரியன் பட்டாளத்துக்குப் போனான். மொரப்பூரில் ரயிலேற அவன் மலையிறங்கியபோது மல்லையன் எறிந்த கல் விழும் சத்தம் கேட்கவில்லை.

"காது செவுடான ஆளு எறிஞ்சா எப்புடிக் கேக்கும்?" என்று அவர் மனைவி சாலம்மாள் ஏசுவாள்.

மறுவருஷம் பட்டாளத்திலிருந்து காகிதம் வந்தது. ஊர் ஊராக அம்மை குத்தப் போகும் என் அப்பாவுடன், குத்திக்கொண்டவர்களின் பெயர் எழுத மலையேறியிருந்த நான்தான் அதைப் படித்துச் சொன்னேன். கரியன் இறந்ததாக அதில் இல்லை. காணவில்லை என்று இருந்தது.

"மேல போன கல்லு விழாம இருக்குமா பாப்பா?" என்றார் மல்லையன்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆங்கிலப் புத்தகமொன்றில் படித்ததைச் சொன்னேன். நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே விலகிப் போகின்றன. அண்டத்தில் பொருள் ஓர் அளவுக்கு மேல் செறிந்திருந்தால் இழுப்பு வென்று எல்லாம் திரும்பும், குறைந்தால் திரும்பாது. அந்த அளவுதான் மாறுநிலை அடர்த்தி.

"சரியா அந்த அளவே இருந்தா?"

"வேகம் கொறஞ்சுகிட்டே போகும். நிக்காது, திரும்பியும் வராதுங்க."

அவர் காகிதத்தைப் பார்த்தார். "அப்ப இன்னுங் கொஞ்சந்தான் பத்தல."

அன்றே கொல்லை மேட்டில் கல் அடுக்கத் தொடங்கினார். சந்துகளில் சிறு கற்களைச் செருகினார். நெருக்கமாக இருக்க வேண்டுமாம்.

"அது அண்டத்துக்குச் சொன்ன கணக்குங்க, மலைக்கு இல்ல."

"மலையும் அதுக்குள்ளதான பாப்பா இருக்குது?"

சண்டை முடிந்த மறுவருஷம் மறுபடியும் போனோம். குவியல் ஆள் உயரம் தாண்டியிருந்தது. சாமை முற்றியிருந்தும் கொல்லையில் ஒரு குருவி இல்லை. மல்லையன் தை மாதமே இறந்துவிட்டார். சாலம்மாள் குவியலின் சந்தில் ஒரு கூழாங்கல்லைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியக்கார மனுசன், பாதியில வுட்டுட்டுப் போயிட்டாரு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உச்சி வெயில். காற்றே இல்லை. குவியலின் உச்சியில் 'டக்'கென்று ஒரு கல் விழுந்தது. மேலே மரம் இல்லை. சுற்றிலும் ஆள் இல்லை.

சாலம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கொதிக்கும் உலையில் இன்னொரு பிடி சாமை போட்டாள்.

மலைப்பாதையில் யாரோ நடந்து வரும் ஓசை கேட்டது. தலை தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை.