திருப்பிக் கொடுத்த உதறல்

சின்னக்கருப்பு தன் மோட்டார் சைக்கிளை அல்லிநகரத்தில் இருந்த ஞானசிகாமணியின் வீட்டு வாசலுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது 1937 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞானசிகாமணி மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் சட்டையைக் கழற்றியிருந்தார். தேனியில் ஒரு பருத்தி அரவை ஆலையில் பிட்டர் வேலை அவருக்கு. எந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தே கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்லிவிடுவார் என்று பெயர்.

அவர் மனைவி மதலேனாள் விருந்தாளிக்குக் காப்பி கொடுத்தாள். சின்னக்கருப்பு தம்ளரை வாங்கினார். காப்பி தளும்பி வேட்டியில் கொட்டியது. வண்டியை விட்டு இறங்கி இவ்வளவு நேரமாகியும் விரல்களின் நடுக்கம் நிற்கவில்லை.

"பாத்தீகளா பிட்டரே? ஒரு மணி நேரம் ஓட்டுனா கை ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல. பல்லெல்லாம் ஆடுது. இந்த ஒதறல மட்டும் நிப்பாட்டிக் குடுங்க."

சின்னக்கருப்புக்குப் பழனிசெட்டிபட்டி. பருத்தித் தரகர். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊர் ஊராகப் போய் விலை பேசுவார். முதலில் போய்ச் சேருகிற தரகருக்குத்தான் சரக்கு. அதற்காகவே மலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற வண்டியை வாங்கியிருந்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். போகிற வழியெல்லாம் நீலப்புகை. எஞ்சினுக்கு வெளியே இடதுபக்கம், ஓட்டுகிறவரின் கணுக்காலை ஒட்டி, கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று மூடியில்லாமல் சுழலும். பிளைவீல்.

ஞானசிகாமணி மூன்று ஞாயிறுகள் அதோடு மல்லுக்கட்டினார். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளின் துளைகள் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. துளைகளைப் பெரிதாக்கிப் புது போல்ட் போட்டார். புகைக்குழாயில் அடைத்திருந்த கரியைச் சுரண்டினார். ஆனால் உதறலின் வேர் பிளைவீலில் இருந்தது. யாரோ, எப்போதோ, அதன் விளிம்பில் உடைந்த இடத்தில் இரும்பை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் கனம் கூடிப்போயிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, மட்டம் பார்த்த இரண்டு கம்பிகளின்மேல் அதன் அச்சை வைத்து விட்டார். கனத்த பக்கம் ஒவ்வொரு முறையும் உருண்டு கீழே வந்தது. அங்கே ஒரு துளை போட்டுப் பார்த்தார், பிறகு இன்னொன்று. எட்டாவது துளைக்குப் பிறகு, எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே நின்றது.

ஓடுகிற எஞ்சினின்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக் காட்டினார். தண்ணீரில் சிற்றலைதான் ஓடியது, சிந்தவில்லை. சின்னக்கருப்பு அவரைக் கட்டிக்கொண்டார்.

"சாதுவாப் போச்சேன்னு வெரசலாப் போகாதீக மொதலாளி," என்றார் ஞானசிகாமணி. "பிரேக்கு அதே பழைய பிரேக்குதான்."

சின்னக்கருப்பு சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்.

அடுத்த மாதத்திலேயே ஆலையில் பேச்சு வந்துவிட்டது. தரகர் கம்பம் பஸ்ஸை முந்துகிறாராம். உப்பார்பட்டிப் பக்கம் ஒரு கன்றுக்குட்டியை அடித்துவிட்டாராம், நிற்கவே இல்லையாம். புளியமரச் சாலையில் அவர் வரும் சத்தம் கேட்டாலே பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொள்கிறார்களாம். ஞானசிகாமணி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் மட்டும் தன்னையே குறை சொல்லிக்கொண்டார்.

ஒரு மதியம் ஆலை வாசலில் ஒரு பெண் அவரைக் கேட்டு வந்து நின்றாள். சின்னக்கருப்பின் மனைவி இருளம்மாள்.

"அண்ணே, அந்த வண்டியச் சரி பண்ணுனது நீங்கதான?"

"ஆமா தாயி. நல்லாத்தான ஓடுது?"

"அதுதான்ணே பயமா இருக்கு. ஒதறுனப்ப மெல்லப் போவாக. நாலு எடத்துல நிப்பாட்டிக் கையத் தேச்சுக்குவாக. இப்பப் பறக்குறாக. போன வெள்ளிக்கெழம வீரபாண்டிக்கு என்னயப் பின்னாடி ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாக. நான் கண்ணையே தொறக்கல. மெதுவாப் போங்கன்னு கத்துறேன், அவுக சிரிக்கிறாக. அந்தச் சிரிப்பு நான் கேட்டதே இல்லண்ணே." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஒதறலத் திருப்பி வச்சுருங்க."

ஞானசிகாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"எந்திரத்தக் கெடுத்து எனக்குப் பழக்கமில்ல தாயி."

"சரி பண்ணத் தெரிஞ்ச ஒங்களுக்கு அது தெரியாதா? நான் வந்தது அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

நாலு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். சங்கிலியை இறுக்க வேண்டும் என்று அந்த ஞாயிறு சின்னக்கருப்பே வந்து, வண்டியை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனார். ஞானசிகாமணி அடுப்பில் ஈயத்தை உருக்கினார். பிளைவீலில் தான் போட்ட எட்டுத் துளைகளில் மூன்றை அடைத்தார். கணக்குப் பார்த்துத்தான் செய்தார். இருபது மைல் வேகம்வரை ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் போனால் ஹேண்டில்பார் கையை உதறும்.

"நல்லா இருந்தத எதுக்குத் திரும்பக் கழட்டுறீக?" என்று கேட்டாள் மதலேனாள்.

"சங்கிலிக்காகத்தான்," என்றார். இருபது வருடத்தில் அவளிடம் அவர் மறைத்த முதல் காரியம் அது.

"பழைய பேய் வந்துருச்சு பிட்டரே," என்று அடுத்த வாரமே வந்தார் சின்னக்கருப்பு.

"பழைய வண்டி மொதலாளி. வேகமாப் போனா அப்பிடித்தான் இருக்கும். மெதுவாப் போங்க."

மூன்று வாரம் தரகர் மெதுவாகத்தான் போனார். பஸ் அவரை முந்தியது. இருளம்மாள் ஆள்வசம் ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்துவிட்டாள். ஞானசிகாமணியால் அதைச் சாப்பிட முடியவில்லை. உதறல் போல்ட்டுகளைத் தளர்த்திவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஏதாவது சாக்குச் சொல்லி ஞாயிறுதோறும் வண்டியை வரவழைத்து, எல்லாவற்றையும் தன் கையால் இறுக்கி அனுப்பினார்.

பங்குனியில் பருத்தி வந்து குவிந்தது. ஆலைக்கு ஞாயிறு லீவு நின்றுபோனது. ஒரு ஞாயிறு போயிற்று, மறு ஞாயிறும் போயிற்று. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி ஆள் விட்டார். தரகருக்கும் அது ஓயாத பருவம், வரவில்லை. மூன்றாவது ஞாயிறும் போன மறுநாள் காலை ஆலைக்கு வெளியே அந்த எஞ்சின் கத்திக்கொண்டு போவது கேட்டது. கத்தலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. இரும்பும் இரும்பும் தட்டிக்கொள்ளும் படபடப்பு. ஞானசிகாமணி வாசலுக்கு ஓடினார். நீலப்புகைதான் இருந்தது.

"இப்பல்லாம் கையில துணியச் சுத்திக்கிட்டுல்ல போறாக," என்றான் வாசல் காவல்காரன். "ஒதறல் பழகிப்போச்சாம்."

ஆலை மேனேஜரிடம் போய் ஒரு மணி நேரம் வெளியே போக அனுமதி கேட்டார். எதற்கு என்றார் மேனேஜர். சொந்த வேலை என்று சமாளித்தார். அந்த நேரம் பார்த்து மெயின் பெல்ட் அறுந்தது. பத்துப் பேர் பிட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பெல்ட்டைத் தைக்கப் போனார். தைத்து முடிப்பதற்குள் சேதி வந்துவிட்டது.

சின்னமனூருக்கு இந்தப் பக்கம், பஸ்ஸை முந்தும்போது முன் போல்ட் அறுந்து எஞ்சின் சாய்ந்திருக்கிறது. சங்கிலி பின்சக்கரத்தில் சுற்றிச் சக்கரம் இறுகிவிட்டது. சின்னக்கருப்பை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வண்டி மாட்டுவண்டியில் ஞானசிகாமணியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் இருளம்மாளும் வந்தாள். அழுகை எதுவும் இல்லை.

"அவுக கால்தான போச்சு," என்றாள். "நான் காப்பாத்தச் சொன்னது உசுரத்தான். இனி அவுக எங்கயும் போகமாட்டாக." அவள் குரல் அமைதியாக இருந்தது. அது ஞானசிகாமணியை விபத்துச் சேதியைவிட அதிகமாக நடுங்க வைத்தது. "நீங்க வாயத் தொறந்துராதீகண்ணே."

சின்னக்கருப்பு வீடு திரும்பிய வைகாசியில் ஞானசிகாமணி அவரைப் பார்க்கப் போனார். கட்டிலில் மெலிந்து கிடந்தவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் ஒண்ணு போனா என்ன பிட்டரே? அந்த வண்டிக்குக் கியர் கையிலதான இருக்கு. மிதிக்கிறத வலது காலுக்கு மாத்தி வச்சுக் குடுங்க. ஒங்களத் தவுர வேற யாரையும் நம்பமாட்டேன்."

நம்பமாட்டேன் என்ற சொல்லுக்குப் பிறகு ஞானசிகாமணியால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஈயத்தைப் பற்றிச் சொன்னார். போல்ட்டைப் பற்றிச் சொன்னார். அடுப்படியில் இருளம்மாளின் பாத்திரச் சத்தம் நின்றது.

சின்னக்கருப்பு பிடித்திருந்த கையை விட்டார். பிறகு, "யாரு சொல்லிச் செஞ்சீக?" என்றார்.

"நானாத்தான் மொதலாளி. நீங்க போற வேகத்தப் பாத்துப் பயந்துட்டேன்."

"யாரு சொல்லி?"

"நானாத்தான்."

சின்னக்கருப்பின் பார்வை அவரைத் தாண்டி அடுப்படிக் கதவில் நின்றது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாகும்வரை பேசவே இல்லை. பிட்டர்தான் வண்டியைக் கெடுத்தார் என்று ஊரில் சேதி பரவியது. ஆலை வேலை தப்பித்தது. வீட்டு வாசலுக்கு மட்டும், சைக்கிள் பழுது பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

தேனிச் சந்தையில் இருளம்மாளை அவர் சில தடவை பார்த்தார். நல்ல சேலை கட்டியிருப்பாள். வாங்க வேண்டியதை வாங்காமல், கூட்டத்துக்குள் புகுந்து வேறு வழியாகப் போய்விடுவாள். தான் வாய் திறந்துவிடுவோம் என்றுதான் அவள் பயப்படுகிறாள் என்று புரிந்த பிறகு, ஞானசிகாமணி சந்தைக்கு மதலேனாளை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்.